தாளாளரும் என் அப்பாவும் ஒரே இழையில்

நம் உடம்பு நம்மைக் கேட்காமல் செய்துகொள்ளும் காரியங்களில் நாம் தலையிடாமல் இருப்பது நல்லது. சோறு செரிக்கிறது, நகம் வளர்கிறது, செல் இரண்டாகப் பிரிகிறது. மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒரு செல், தான் பிரிவதற்கு முன்னால் தன்னுடைய டி.என்.ஏ.வை எப்படிப் படியெடுக்கிறது என்பதை நான் ஒருமுறை முப்பத்தைந்து பேரை வைத்து நாற்பது நிமிடத்தில் நடத்திக் காட்டப் போனேன். இன்றைக்கும் பசுமலை வழியாகப் பேருந்தில் போக நேர்ந்தால் நான் ஜன்னலோரம் உட்காருவதில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. விலங்கியலில் எம்.எஸ்ஸி., அதற்கு மேல் பி.எட். கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் கடலை போடும் குடும்பம் எங்களுடையது. குடும்பத்தில் இவ்வளவு படித்த முதல் ஆள் நான்தான் என்பதால், எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று வீட்டில் நம்பினார்கள். (நானும் நம்பினேன். அங்கேதான் கோளாறு.)

பசுமலையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். தலைப்பு, டி.என்.ஏ. இரட்டிப்பாதல். அதற்கு முன் நான் ஏறி இறங்கிய ஆறு பள்ளிகளிலும் "சொல்லி அனுப்புறோம்" என்று மட்டும்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதுவும் தவறினால் தையல் வகுப்புக்கு அனுப்புவது என்று அம்மா முடிவுசெய்து, மிஷினுக்கு எண்ணெய்கூடப் போட்டு வைத்துவிட்டார்.

எல்லாரையும் போலக் கரும்பலகையில் ஏணி மாதிரி ஒரு படம் வரைந்து, கோடு கிழித்து, பேசிவிட்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. எனக்கு அது போதவில்லை. பிள்ளைகளையே டி.என்.ஏ.வாக நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தேன்.

விஷயம் எளிமையானதுதான். டி.என்.ஏ. என்பது ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இரண்டு இழைகள். ஒவ்வொரு இழையிலும் ஏ, டி, ஜி, சி என்று நான்கே நான்கு எழுத்துகள் மாறி மாறி வரும். ஒரு பக்கம் ஏ இருந்தால் எதிர்ப்பக்கம் டி. ஒரு பக்கம் ஜி என்றால் எதிர்ப்பக்கம் சி. இதில் பேரமே கிடையாது. படியெடுக்கும் நேரம் வந்தால் இரண்டு இழைகளும் பிரியும். பிரிந்த ஒவ்வோர் இழையும் தனக்கு எதிரே நிற்க வேண்டிய எழுத்துகளைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். முடிவில் ஒன்று இரண்டாகியிருக்கும். ஒவ்வொன்றிலும் பாதி பழசு, பாதி புதுசு.

பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டு, வகுப்பில் எத்தனை பேர் என்று கேட்டேன். முப்பத்தைந்து என்றார்கள். கணக்கு கனகச்சிதமாக அமைந்தது. பழைய இழைகளுக்கு எட்டு எட்டாகப் பதினாறு பேர். புதிய இழைகளுக்கு இன்னொரு பதினாறு பேர். புது எழுத்துகளைப் பொறுக்கி எடுத்து நிறுத்தும் பாலிமரேஸ் என்ற நொதியாக இரண்டு பேர். விட்டுப்போன துண்டுகளை ஒட்டும் லிகேஸ் என்ற நொதியாக ஒருத்தர். இழைகளைப் பிரித்துக்கொண்டே போகும் ஹெலிகேஸ் நானே. ஒருவர்கூட மிச்சமில்லை. யாருக்காவது காய்ச்சல் வரக்கூடும் என்பது எம்.எஸ்ஸி. பாடத்திட்டத்தில் இல்லை.

எதிரெதிரே நிற்பவர்களை இணைக்க ஹைட்ரஜன் பிணைப்பு வேண்டும். ஏ-வுக்கும் டி-க்கும் இடையே இரண்டு, ஜி-க்கும் சி-க்கும் இடையே மூன்று. பையனும் பெண்ணும் கையைப் பிடிக்கச் சொன்னால் அன்றைக்கே என்னைப் படியிறக்கி விட்டுவிடுவார்கள். அதனால் ஆளுக்கொரு முனையாக ஈர்க்குச்சியைப் பிடிக்கச் சொல்லலாம் என்று யோசித்து, அம்மா முந்தின நாள்தான் வாங்கி வந்திருந்த விளக்குமாற்றைப் பிரித்தேன்.

"விளக்குமாத்தப் பிரிச்சு எடுத்துக்கிட்டு டீச்சர் வேலைக்குப் போறவள இப்பத்தான்டி பாக்குறேன்" என்றார் அம்மா.

துணைக்கு அப்பா வந்தார். மாட்டுத்தாவணிக்குப் போகும் பேருந்தில் குச்சிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னத்துக்கு தாயி?"

"ஹைட்ரஜன் பிணைப்புப்பா."

"ஒடிஞ்சிராதா?"

"லேசுல விடணும்ப்பா. அதுதான் விசேஷமே."

அப்பா தலையாட்டினார். அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் எது சொன்னாலும் தலையாட்டிவிடுவார்; அது என் அறிவு வளர்ச்சிக்குப் பெரிய கெடுதலாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

பேருந்து நிலையத்துக் கடையில், பார்சல் ஒட்டும் பிரவுன் டேப் ஒன்று வாங்கினேன். அது லிகேஸுக்கு.

பள்ளியில் இறங்கியதும் அப்பா கேட்டுக்குப் பக்கத்தில், காவலாளியோடு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். என்னை வரவேற்றவர் அந்தப் பள்ளியின் தாளாளர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வலது மணிக்கட்டில் விரல் தடிமனில் தங்கக் காப்பு. நல்ல உற்சாகமான மனிதர். அவரோடு அந்த ஆண்டு ஓய்வு பெறவிருந்த விலங்கியல் ஆசிரியர் ஞானசேகரன் சாரும் இருந்தார். அவருடைய இடத்துக்குத்தான் நான் வந்திருந்தேன். அவர் முகத்தில் உற்சாகம், வருத்தம் எதுவும் கிடையாது. முப்பது வருடம் பிளஸ் டூவுக்குப் பாடம் நடத்திய முகம்.

வகுப்பறைக்குள் இடம் பற்றாது என்று பிள்ளைகளை மைதானத்தில் வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டேன். "தாராளமா போங்கம்மா, நமக்குப் புதுமைதான வேணும்" என்றார் தாளாளர். (இந்த வாக்கியத்தை அவர் பிற்பாடு எத்தனை முறை நினைத்து வருந்தினாரோ.)

மரத்தடியில் எண்ணிப் பார்த்தால் முப்பத்து மூன்று பேர். ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருத்தி அக்கா கல்யாணத்துக்குப் போய்விட்டாள். கெட்டிக்காரியாக இருந்தால் ஒரு ஜோடியைக் குறைத்திருக்கலாம். நான் சட்டையில் குத்திவிடுவதற்காக எழுதி வந்த அட்டைகளில் மிஞ்சிய ஒரு 'டி'யையும் ஒரு 'சி'யையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, அந்த இடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிவிட்டேன்.

தொடக்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை என்பதால், ஒரு வரிசையைப் பசுமலைக் குன்றைப் பார்த்தும் இன்னொன்றைப் பள்ளிக் கட்டடத்தைப் பார்த்தும் நிற்கவைத்தேன். நடுவே ஈர்க்குச்சிகள். நான் ஹெலிகேஸாக இரண்டு வரிசைக்கும் நடுவில் புகுந்து நடக்க நடக்க, குச்சிகள் விட்டுப்போயின, ஜோடிகள் பிரிந்தன. ஒரு பக்கத்து இழையில் வேலை சுலபம். என் பின்னாலேயே ஓர் அமைதியான பையன் பாலிமரேஸாக வந்து, ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று ஒவ்வொருவராகக் கூட்டி வந்து நிறுத்தினான்.

மறுபக்கம்தான் சிக்கல். பாலிமரேஸுக்கு ஒரே திசையில்தான் வேலை பார்க்கத் தெரியும். எதிர்த்திசை இழையில் அது நேராக முன்னேற முடியாது. கொஞ்சம் பிரியும் வரை காத்திருந்து, பின்னோக்கி வந்து ஒரு துண்டு, மறுபடி முன்னால் ஓடி, அங்கிருந்து பின்னோக்கி இன்னொரு துண்டு என்று தவணை முறையில் முடிக்கும். இதற்காகக் கபடி ஆடும் பாண்டி என்ற பையனைத் தேர்ந்தெடுத்திருந்தேன். நான்கு ஜோடிகளைப் பிரித்ததும் "ஓடு!" என்றேன். பாண்டி நான்காவது இடத்துக்கு ஓடினான். அங்கே பழைய இழையில் ஏ நின்றது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"டீச்சர், டீ இல்ல டீச்சர்!"

"ஒரு டீ குறையுதா?" என்று நானும் கத்தினேன். வராந்தாவில் நின்ற அலுவலக உதவியாளர் அவசரமாக எங்கேயோ ஓடினார். ஏன் ஓடுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கேட்டுப் பக்கம் பார்த்தேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, இங்க கொஞ்சம் வாங்க!"

"வாரேன் தாயி!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வந்தார். அவர் சட்டையில் 'டி' அட்டையைக் குத்தி, ஏ-வுக்கு எதிரே நிறுத்தினேன். எதிரே நின்ற மாணவி நீட்டிய இரண்டு ஈர்க்குச்சிகளை, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார்.

பாண்டி பின்னோக்கி வந்து மூன்று, இரண்டு, ஒன்று என்று முதல் துண்டை முடித்தான். நான் மிச்சமிருந்த ஜோடிகளையும் பிரித்தேன். அவன் எட்டாவது இடத்துக்கு ஓடி அங்கிருந்து ஏழு, ஆறு என்று வந்து ஐந்தில் நின்றான்.

"டீச்சர், சீ இல்ல!"

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் காவலாளியைத் தேடினேன். அதற்குள், மரத்தடியில் நாற்காலி போட்டு ஞானசேகரன் சாரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தாளாளர் எழுந்துவிட்டார்.

"நான் வாரேம்மா. எனக்குக் குத்துங்க."

"ஐயா, நீங்களா?"

"ஏன், நம்ம உடம்புல இல்லையா டி.என்.ஏ.? குத்துங்கம்மா!"

கஞ்சி மடிப்புக் கலையாமல் அந்த வெள்ளைச் சட்டையில் 'சி' என்ற அட்டையைக் குத்தினேன். ஐந்தாவது இடத்தில், என் அப்பாவுக்குப் பக்கத்தில், அவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "வணக்கம்ங்க" என்றார் அப்பா. "வணக்கம், வணக்கம். எந்த ஊரு?" என்றார் தாளாளர். ஓர் இழையில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இவ்வளவு மரியாதையாகப் பழகி நான் பார்த்ததில்லை.

இனி ஒட்டுவது மட்டும்தான் பாக்கி. இரண்டு துண்டுகளுக்கும் நடுவே, அதாவது நான்காவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடையில் ஒரு சின்ன விடுபாடு இருக்கும். லிகேஸ் அதை ஒட்ட வேண்டும். சட்டைக் கையோடு சட்டைக் கையைச் சேர்த்து ஒரு துண்டு டேப், அவ்வளவுதான் என் திட்டம். லிகேஸாக முதல் பெஞ்சு பவித்ராவை வைத்திருந்தேன். அக்கறையான பெண். நான் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள்.

"பவித்ரா, இது ஈர்க்குச்சி மாதிரி இல்ல. இழையோட முதுகெலும்புப் பிணைப்பு. ரொம்ப உறுதியானது. சும்மா விட்டுப் போகக் கூடாது, நல்லா இறுக்கமா ஒட்டணும்" என்றேன். சொல்லிவிட்டு, படியெடுக்கும்போது தப்பான எழுத்து வந்துவிட்டால் பாலிமரேஸ் எப்படித் திரும்பிப் பார்த்துத் திருத்தும் என்பதை விளக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிகவும் சுவையான பகுதி அது. நான் என்னை மறந்து பேசினேன். முதுகுக்குப் பின்னால் 'டர்ர்ர்ர், டர்ர்ர்ர்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நல்ல ஈடுபாட்டோடு செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா," என்று ஞானசேகரன் சார் அன்றைக்கு முதன்முறையாக வாயைத் திறந்தார். "லிகேஸ் துண்டுக்கு நடுவுலதான் ஒட்டணும். இந்தப் பொண்ணு எல்லாரையும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

திரும்பினேன். அப்பாவின் இடது மணிக்கட்டும் தாளாளரின் வலது மணிக்கட்டும், தங்கக் காப்போடு சேர்த்து, ஏழெட்டுச் சுற்றுப் பிரவுன் டேப்புக்குள் இருந்தன. அதோடு நில்லாமல் அவள் இரண்டு பக்கமும் தொடர்ந்து, பாதுகாப்புக்காக மற்ற ஆறு பேரையும் கையோடு கை சுற்றியிருந்தாள். டேப் தீர்ந்துபோய் வெறும் அட்டை வளையம் மட்டும் அவள் கையில் இருந்தது.

"இறுக்கமா ஒட்டிட்டேன் டீச்சர்" என்றாள்.

"சபாஷ், நல்லா இருக்கு" என்று தாளாளரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் காவலாளி ஓடி வந்தார்.

"ஐயா, ஆபீசர் ஜீப்பு வந்துருச்சுங்க!"

பள்ளிக் கட்டடத்தின் உறுதியைச் சோதித்துச் சான்று கொடுக்க வேண்டிய அதிகாரி அவர். மாலை நான்கு மணிக்கு வர வேண்டியவர் காலை பதினொன்றரைக்கே வந்துவிட்டார். தாளாளரின் முகத்தில் இருந்த உற்சாகம் அப்படியே வடிந்தது. அவர் மாசக்கணக்காகக் காத்திருந்த வருகை அது. வாசலுக்குப் போய் வரவேற்க வேண்டும் என்ற பழக்கத்தில் விறுவிறுவென்று நடந்தார்.

அவரோடு அப்பாவும் நடந்தார். அப்பாவோடு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். எதிர் வரிசையின் கையிலிருந்த ஈர்க்குச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. பாடப்புத்தகத்தில் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. ஹைட்ரஜன் பிணைப்பு லேசில் விட்டது. முதுகெலும்பு விடவே இல்லை. நடுவில் இருந்தவர் முன்னால் போனதால் வரிசை இரண்டாக மடிந்து, கொண்டை ஊசி மாதிரி மைதானத்தைக் கடந்தது. கடைசியில் இருந்த இரண்டு பிள்ளைகள் ஓட்டமும் நடையுமாக இழுபட்டார்கள். நான் பின்னாலேயே "கத்தரிக்கோல்! கத்தரிக்கோல்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி, எட்டுப் பேர் கட்டுண்டு வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சார் இது?"

தாளாளர் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார். அப்பாவின் கையும் சேர்ந்து எழுந்தது.

"இது வந்து... அவசர கால ஒத்திகை சார். தீப்பிடிச்சா பிள்ளைகளை எப்படி வெளிய கொண்டுவர்றதுன்னு..."

"கையக் கட்டி வச்சா எப்படி சார் ஓடுவாங்க?"

தாளாளர் தன் கையையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்தில் ஒரு மனிதர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என் அப்பாவுக்குப் பழக்கமில்லை.

"ஒத்திகை எல்லாம் இல்லைங்கய்யா. இது டி.என்.ஏ.ங்க. என் மகதான் நடத்துது. நான் டீங்க. ஐயா வந்து, சீ."

அதிகாரி தாளாளரின் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் அலுவலக உதவியாளர் மூச்சிரைக்கத் தட்டோடு வந்து நின்றார்.

"டீ குறையுதுன்னு சொன்னீங்களேம்மா. கேண்டீன்ல பால் இல்ல, வெளிய போயி வாங்கியாந்தேன்."

பிறகு அந்த அதிகாரி ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். ஜீப்பின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு, டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்.

கத்தரிக்கோலால் மற்றவர்களைப் பிரித்துவிட்டோம். தாளாளரின் கையில் காப்பு இருந்ததால் வெட்ட முடியவில்லை, உரிக்கத்தான் வேண்டியிருந்தது. பாண்டிதான் உரித்தான். "கொஞ்சம் பொறுத்துக்கங்க சார்" என்று சொல்லி ஒரே இழுப்பு. தாளாளர் எழுப்பிய சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன. அவருடைய மணிக்கட்டைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு ஒரு முடிகூட மிஞ்சவில்லை.

அதிகாரி கட்டடத்தைப் பாதி பார்த்துவிட்டு, இன்னொரு நாள் ஒழுங்காக வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். தாளாளர் என்னைப் பார்க்காமலேயே, "கடிதம் வரும்மா" என்றார். நான் ஞானசேகரன் சாரைப் பார்த்தேன். யாராவது ஒருவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. அவர் அருகில் வந்தார்.

"எல்லாம் சரியாத்தாம்மா நடத்துன. ஒவ்வொரு துண்டு ஆரம்பிக்கவும் ஒரு ப்ரைமர் வேணுமில்ல? அத விட்டுட்டியே."

திரும்பி வரும் பேருந்தில் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். வேலை போனது மட்டுமில்லை, அப்பாவைப் போய் இத்தனை பேர் முன்னால் கேலிப்பொருளாக்கிவிட்டேனே என்று இருந்தது. அப்பா தன் மணிக்கட்டில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்து உருட்டிக்கொண்டு வந்தார். ஒத்தக்கடை தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கபடிப் பய எதுக்கு ஆத்தா முன்னால ஓடி ஓடிப் பின்னால வந்தான்? இந்தப் பக்கத்துப் பையன் நேரா வந்தானே."

மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னேன். பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் விரலால் இரண்டு கோடு போட்டுக் காட்டினேன். அவர் மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். மேலூர் வந்தபோது அழுகை நின்றுபோயிருந்தது.

"இம்புட்டு வேலையும் நம்ம உடம்புக்குள்ள நடக்குதா? நாம இப்ப இப்படிச் சும்மா உக்காந்திருக்கயிலயா?"

"ஆமாப்பா. இப்பவும்தான்."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு முழு நாளில் என் பாடம் ஒருவருக்காவது புரிந்தது என்றால் அது அந்த நிமிடம்தான்.

கடிதம் வந்தது. 'தங்கள் சேவை தற்போது தேவைப்படவில்லை' என்று ஒரு வரி. இரண்டு மாதம் தையல் வகுப்புக்குப் போனேன் (ஜாக்கெட் கை இரண்டும் ஒரே பக்கத்துக்கு வந்தது). பிறகு மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்து, பதினோரு வருடமாக அங்கேதான் இருக்கிறேன். இப்போதும் பிள்ளைகளை மரத்தடியில் நிறுத்தித்தான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். லிகேஸுக்குக் கம்பளி நூல்.

போன மாதம் அழகர்கோவிலில் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. பந்தியில் எனக்கு எதிரே, சித்தப்பாவின் மாப்பிள்ளை வழியில் ஏதோ உறவான ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் ஆசிரியை என்று யாரோ சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்படின்னா உனக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா. பசுமலையில ஒரு டீச்சரம்மா, வேலை கேட்டுப் போன எடத்துல, கலெக்டரையும் கூட வந்த அம்பது பேரையும் கயித்தால கட்டிப்போட்டுருச்சாம்ல?"

சாம்பார் வாளிக்காரர் காத்திருந்தார். நான் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அப்புறம் என்னாச்சாம்?"

"என்ன ஆகும்? பயந்துபோயி அன்னைக்கே வேலை போட்டுக் குடுத்துட்டாகளாம்!"

பக்கத்து இலையில் அப்பா இருந்தார். சம்பவத்தை நேரில் பார்த்தவர். பார்த்தவர் என்ன, கட்டுண்டே கிடந்தவர். அவராவது திருத்தட்டும் என்று அவரைப் பார்த்தேன். அப்பா வாயிலிருந்த சோற்றை நிதானமாக விழுங்கினார்.

"கலெக்டருன்னு எவன்யா சொன்னான்?" என்றார். "மந்திரிய்யா அது. நான் பக்கத்துலதான நின்னேன்."